நள்ளிரவில் அலறும் கார்: பழுது சென்சாரில்தானா என்று உறுதி செய்ய எந்த வழி?

பூட்டி நிறுத்திய கார், யாரும் தொடாமலே இரவில் அலறத் தொடங்கினால், திருட்டு அலாரத்தின் அசைவு சென்சாரை (அசைவையும் அதிர்வையும் உணரும் கருவியை) மாற்றுவதா வேண்டாமா என்று யோசிப்பதற்கு முன்பு தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பழுது உண்மையில் சென்சாரில்தான் இருக்கிறதா என்பதை எந்த வழியில், எந்த வரிசையில் கண்டறிவது? நாமே கையால் சோதிக்கலாம், சென்சாரின் இணைப்பைக் கழற்றிவிட்டுச் சில இரவுகள் காத்திருக்கலாம், மல்டிமீட்டரால் அளக்கலாம், சர்வீஸ் நிலையத்தில், காரின் கணினியில் பதிவான பழுதுகளை வாசிக்கும் ஸ்கேனர் வைத்துப் பார்க்கலாம், நல்ல சென்சார் ஒன்றை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். இவற்றுள் எது யாருக்குப் பொருந்தும் என்பது காரின் வகையையும், அலாரம் தொழிற்சாலையிலேயே வந்ததா பின்னர் பொருத்தப்பட்டதா என்பதையும், கார் நிற்கும் இடத்தையும் பொறுத்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த மூன்றாவது காரணத்துக்கு மற்ற ஊர்களைவிட அதிக இடம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

எங்கள் வீடு ராஜாக்கமங்கலம் பக்கத்தில், கடலிரைச்சல் கேட்கும் தொலைவில் இருக்கிறது. ஐப்பசி மழைக்காலம் ஒன்றில், வெளியில் வாங்கிப் பொருத்திய அலாரம் உள்ள எங்கள் கார், தொடர்ந்து மூன்று இரவுகள் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் அலறியது. பக்கத்து வீட்டில் மூன்று மாதக் கைக்குழந்தை இருந்தது. மறுநாள் காலை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனபோது, காரைப் பார்த்த ஆட்டோ எலக்ட்ரீசியன் பானட்டைத் திறந்து மூடி, ரிமோட்டை நாலைந்து முறை அழுத்திப் பார்த்துவிட்டு, “அண்ணே, சென்சாரு போச்சு, மாத்திருவோம்” என்றார். மாற்றினோம். நான்கு இரவுகள் அமைதியாகக் கழிந்தன. ஐந்தாம் இரவு, மழை விட்டு ஈரக்காற்று வீசிய நேரத்தில், மூன்று மணிக்குக் கார் மறுபடியும் அலறியது. கடைசியில் குற்றவாளியாகக் கண்டது சென்சாரை அன்று, பானட் திறந்திருக்கிறதா என்பதை அலாரத்துக்குச் சொல்லும், அதன் ஓரத்தில் இருக்கும் விரல்கடை அளவு சுவிட்சை.

அந்த நான்கு நாள் அமைதி எப்படி வந்தது என்பதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல நாட்கள் ஆயின. சென்சாரை மாற்றும் வேலையின்போது பேட்டரி இணைப்பைக் கழற்றுவதற்காகப் பானட் பலமுறை திறந்து மூடப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் சுவிட்சின் தண்டு உள்ளே போய் வெளியே வந்து, தொடுமுனையில் படிந்திருந்த உப்பையும் துருவையும் உரசித் துடைத்திருக்கிறது. அடுத்து வந்த நான்கு நாட்கள் வெயில் வேறு. ஆகவே, செய்த வேலைக்கும் கிடைத்த குணத்துக்கும் தொடர்பே இல்லை. ஆனால் தொடர்பு இருப்பதுபோல் தோன்றியது. சோதிக்காமல் மாற்றுவதில் உள்ள பெரிய ஆபத்து செலவு அன்று. நோய் குணமாகிவிட்டது என்ற பொய்யான நம்பிக்கைதான்.

வழிகளை ஒப்பிடும் முன் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். அசைவு சென்சாரின் பழுது இரண்டு வகை. ஒன்று, காரணமின்றி அலறுவது. மற்றொன்று, காரணம் இருந்தும் அலறாமல் இருப்பது. முதல் வகை ஊரையே எழுப்புவதால் உடனே கவனிக்கப்படுகிறது. இரண்டாம் வகையை யாரும் கவனிப்பதில்லை. கண்ணாடியை உடைத்து ஒருவர் கைவிடும் நாள்வரை அது வெளியே தெரியாது. ஸ்கேனரும் காத்திருந்து பார்க்கும் முறையும் முதல் வகைக்கு உதவுபவை. இரண்டாம் வகையைக் கண்டுபிடிக்கக் கையால் செய்யும் சோதனையைத் தவிர எளிய வழி வேறில்லை. எனவே, கார் அலறினாலும் அலறாவிட்டாலும் அந்தச் சோதனையை ஆண்டுக்கு இரு முறையாவது செய்ய வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அடுத்து, உங்கள் காரில் அசைவு சென்சார் இருக்கிறதா என்பதையே முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். நம் நாட்டில் விற்கப்படும் சிறிய கார்கள் பலவற்றில் தொழிற்சாலை அலாரம் என்பது கதவுகள், பானட், டிக்கி ஆகியவற்றின் சுவிட்சுகளை மட்டுமே கண்காணிப்பது. அவற்றுள் அசைவையோ அதிர்வையோ உணரும் கருவி கிடையாது. அத்தகைய காரில் சென்சார் பழுது என்று யாரேனும் சொன்னால் அது தவறு. கூரை விளக்கின் அருகிலோ, முன் கண்ணாடியின் இருபுறத் தூண்களிலோ சிறு வலை மூடிய வட்டங்கள் இரண்டு தெரிந்தால் அது அல்ட்ராசானிக் சென்சாராக இருக்கலாம். காருடன் வந்த கையேடு அதை உறுதிப்படுத்தும். வெளியில் வாங்கிப் பொருத்தும் அலாரங்களில் பெரும்பாலும் இருப்பது ஷாக் சென்சார். டாஷ்போர்டுக்கு அடியில், ஸ்டீயரிங் தண்டின் பக்கமாக, திருகுப்புரி ஒன்றும் சின்னஞ்சிறு விளக்கு ஒன்றும் கொண்ட கறுப்புப் பெட்டியாக அது கட்டப்பட்டிருக்கும்.

ஷாக் சென்சாரின் உள்ளே இருப்பது பெரும்பாலும் பீசோ வில்லை. வளையும்போதும் அதிரும்போதும் அது சிறு மின்னழுத்தத்தை உண்டாக்கும். சில வகைகளில் வில்லைக்குப் பதிலாகக் கம்பிச் சுருளும் அதன் அருகே ஆடும் காந்தமும் இருக்கும். மெல்லத் தட்டினால் எச்சரிக்கைக் கீச்சொலி, பலமாக இடித்தால் முழுச் சைரன் என்று இரண்டு நிலைகளாக இது வேலை செய்யும். இதில் வில்லை கெடுவது அரிது. பெட்டியைக் கட்டிய பிளாஸ்டிக் பட்டை தளர்ந்து பெட்டியே ஆடுவது, ஒட்டுப்பஞ்சு காய்ந்து விடுவது, பற்றவைப்பில் விரிசல் விழுவது, மின்சுற்றுப் பலகையில் ஈரம் படிந்து பச்சைக் களிம்பு ஏறுவது ஆகியவையே வழக்கமான காரணங்கள். உறுதியான உலோகத்தில் கட்டாமல் வயர்க் கட்டோடு சேர்த்துத் தொங்கவிட்ட சென்சார், நல்ல நிலையில் இருந்தாலும் கெட்டதுபோல்தான் நடந்துகொள்ளும்.

அல்ட்ராசானிக் சென்சார் வேறு விதம். அது பெரும்பாலும் 40 கிலோஹெர்ட்ஸ் அளவில், நம் செவிக்கு எட்டாத ஒலியை காருக்குள் பரப்பி, திரும்பி வரும் ஒலி மாறுகிறதா என்று கவனிக்கிறது. நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஒரு கை சென்சாரை நோக்கி நகர்ந்தால், திரும்பும் ஒலியின் அதிர்வெண் சுமார் 117 ஹெர்ட்ஸ் மாறும். அந்தச் சிறு மாற்றத்தைத்தான் கருவி பிடிக்கிறது. ஆனால் ஒலி காற்றில் பயணிப்பது. காற்று அசைந்தாலும் ஒலியின் பாதை மாறும். வெயிலுக்காகக் கண்ணாடியை விரற்கடை இறக்கிவிட்டுப் பூட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த இடைவெளி வழியாகப் புகும் காற்று, கண்ணாடியில் தொங்கும் ஜெபமாலை அல்லது மணிமாலையின் ஆட்டம், உள்ளே அகப்பட்ட ஈ, சென்சாரின் வலைமேல் ஏறிய சிலந்தி ஆகிய எல்லாமே திருடன் நுழைந்ததற்கு ஒப்பான மாற்றத்தை உண்டாக்கும். இவற்றில் எதுவும் பழுதன்று. உண்மையான பழுது, வலைமேல் தூசும் டாஷ்போர்டு பாலிஷும் படிந்து ஒலி வெளியேற முடியாமல் போவது. அது கருவியை அலறச் செய்யாமல் ஊமையாக்கும்.

மைக்ரோவேவ் சென்சார் கண்ணாடியையும் பிளாஸ்டிக்கையும் ஊடுருவிப் பார்க்கக்கூடியது என்பதால், காற்று அதைப் பாதிக்காது. ஆனால் காரை ஒட்டி நடந்து செல்பவரையும், சில வேளைகளில் கண்ணாடியில் வழியும் மழைநீரையும்கூட அது அசைவாக எடுத்துக்கொள்ளும். டில்ட் சென்சார், பூட்டும் நேரத்தில் கார் எந்தச் சாய்வில் நின்றது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, யாரேனும் ஒரு பக்கம் தூக்கினால் அல்லது கட்டி இழுத்தால் ஒலி எழுப்பும்.

இனி வழிகளுக்கு வருகிறேன். கையால் செய்யும் சோதனைக்குச் செலவில்லை. நிழலான இடத்தில், ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை ஒரு சாண் இறக்கி, மற்ற கதவுகளை நன்றாகச் சாத்தி, ரிமோட்டால் பூட்டுங்கள். பல அலாரங்கள் பூட்டியவுடனே உள்ளே கவனிக்கத் தொடங்குவதில்லை. அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்வரை எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு கையை உள்ளே விட்டு, இருக்கைகளுக்கு மேலாக மெல்ல அசைத்துப் பாருங்கள். முன்னிருக்கைப் பக்கம் அலறி, பின்னிருக்கைப் பக்கம் அலறாவிட்டால், ஒரு பக்கச் சென்சார் மங்கியிருக்கிறது அல்லது ஏதோ ஒன்று அதை மறைக்கிறது. ஷாக் சென்சாருக்குக் கண்ணாடியைத் தட்ட வேண்டாம். முஷ்டியின் அடிப்பாகத்தால் கதவுத்தூணிலும், காலால் டயரிலும் ஒரே அளவு பலத்தில் ஐந்து முறை தட்டி, எத்தனை முறை ஒலித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தில் இரண்டு முறை மட்டும் ஒலித்தால், பெட்டி தளர்ந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்ப்பதே அடுத்த வேலை. டில்ட் சென்சாரைச் சோதிக்க ஜாக்கி வேண்டும். சமதரையில், ஹேண்ட்பிரேக் போட்டு, எதிர்ச்சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகே அதைச் செய்ய வேண்டும். வெளியில் வாங்கிய அலாரங்கள் பலவற்றில், அலறி ஓய்ந்த பிறகு பூட்டைத் திறக்கும்போது சிவப்பு விளக்கு எத்தனை முறை மினுக்குகிறது என்பது, அலறலைத் தூண்டியது சென்சாரா கதவுச் சுவிட்சா என்பதைச் சொல்லிவிடும். அந்த அட்டவணை அலாரத்தோடு வந்த தாளில் இருக்கும். எங்கள் காரின் தாளை நான் முதல் நாளே தேடி எடுத்திருந்தால், இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

இந்த வழியோடு சேர்த்துச் செய்ய வேண்டியது நாட்குறிப்பு. ஒரு பழைய நோட்டில் தேதி, நேரம், மழை, காற்று, மின்தடை, அருகில் நடந்தது என்ன என்று எழுதி வாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடி மாதங்களில் வீசும் காற்று முப்பந்தலில் நூற்றுக்கணக்கான காற்றாலைகளைச் சுழற்றக்கூடியது. அங்கே திறந்த வெளியில் நிற்கும் கார் ஆடுவதும், அதை டில்ட் சென்சாரும் ஷாக் சென்சாரும் உணர்வதும் இயல்பு. கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3-ஆம் தேதி நிறைவுறும்வரை அந்தப் பகுதியில் வெடிச்சத்தம் கேட்கும் நாட்களில், ஷாக் சென்சார் ஒலித்தால் அது தன் வேலையைச் செய்கிறது என்றுதான் பொருள். மார்த்தாண்டம் வழியாகக் கேரளத்துக்குப் பாறை ஏற்றிச் செல்லும் டாரஸ் லாரிகள் சாலையோர வீடுகளின் சன்னலையே அதிரவைக்கின்றன. குறிப்பில் இத்தகைய ஒற்றுமை ஏதும் தெரியாமல், ஈரமான இரவுகளில் மட்டும் அலறல் வந்திருந்தால், சந்தேகம் வயரிங் பக்கமும் சுவிட்சுகள் பக்கமும் திரும்ப வேண்டும்.

அடுத்த வழி தனிமைப்படுத்துதல். சென்சாரின் கப்ளரை, அதாவது வயர்களை இணைக்கும் பிளக்கை, கழற்றிவிட்டுக் காரை வழக்கம்போல் பூட்டுவது. ஷாக் சென்சாரில் பெரும்பாலும் நான்கு வயர்கள் இருக்கும்: மின்சாரத்துக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று, இரண்டு நிலைகளின் தகவலுக்கு இரண்டு. கழற்றிய பிறகும் கார் அலறினால், சென்சார் நிரபராதி என்பது அந்த ஒரே இரவில் உறுதியாகிவிடும். இவ்வளவு தெளிவான விடை வேறெந்த முறையிலும் இவ்வளவு மலிவாகக் கிடைப்பதில்லை. ஆகவேதான் வெளியில் வாங்கிய அலாரத்துக்கு, செலவுள்ள மற்ற வழிகளுக்கெல்லாம் முன்னே நான் இதை வைக்கிறேன். ஆனால் எதிர்ப்பக்க முடிவு, அதாவது கழற்றிய பிறகு அமைதி நிலவினால் பழுது சென்சாரில்தான் என்ற முடிவு, அவ்வளவு எளிதன்று. சராசரியாக மூன்று இரவுக்கு ஒரு முறை அலறும் கார், பழுது அப்படியே இருக்கும்போதும், தற்செயலாக மூன்று இரவு அமைதியாக இருக்க 37 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஒன்பது இரவு காத்திருந்தால் அந்த வாய்ப்பு 5 விழுக்காடாகக் குறையும். ஆகவே, அலறலுக்கு இடைப்பட்ட சராசரிக் காலத்தின் மும்மடங்கு காத்திருப்பது நியாயமான அளவு. அந்த நாட்களுக்குள் முன்பு அலறியபோது இருந்த அதே வானிலை ஒரு முறையாவது வந்திருக்கவும் வேண்டும். இரவுதோறும் அலறிய எங்கள் காருக்கு என்னுடைய நான்கு இரவுகள் முதல் நிபந்தனையில் தேறின; இரண்டாவதில் தேறவில்லை.

இந்த முறைக்கு ஒரு வரம்பு உண்டு. தொழிற்சாலை அலாரத்தில் சென்சாரைக் கழற்றினால், அதுவே பழுதாகப் பதிவாகி எச்சரிக்கை எழக்கூடும். அத்தகைய கார்களில் உட்புறக் கண்காணிப்பை மட்டும் நிறுத்திவைக்கும் பொத்தானோ திரைத்தேர்வோ இருந்தால், கப்ளரைத் தொடாமல் அதையே பயன்படுத்துவது நல்லது. காத்திருக்கும் நாட்களில் கதவுச் சுவிட்சுகள் தொடர்ந்து காவல் காக்கும் என்பதால், கார் முற்றிலும் பாதுகாப்பற்றுப் போவதில்லை.

மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கருவி. ஆனால் எங்கே வைத்து எப்போது அளப்பது என்று தெரிந்தவர் கையில்தான் அதற்கு மதிப்பு. முதலில் பேட்டரி. ஓர் இரவு முழுதும் ஓய்ந்திருந்த பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் அது நிறைவாக இருக்கிறது, 12.2 வோல்ட் என்றால் பாதி. 12-க்கும் கீழே என்றால் ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது. தனி பேட்டரி உள்ள சைரன்கள், காரின் மின்சாரம் குறைவதை யாரோ வயரை அறுத்ததாக எடுத்துக்கொண்டு தாமே அலறும். இந்த மாவட்டத்தில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு: வளைகுடா நாடுகளிலும் கப்பல்களிலும் வேலை செய்பவர்களின் கார்கள் மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கின்றன. நின்றிருக்கும் கார் 50 மில்லி ஆம்பியருக்கு மிகாமல் எடுப்பது வழக்கம். 50 என்றே வைத்துக்கொண்டாலும் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர் மணி ஆகிறது. 35 ஆம்பியர் மணி பேட்டரி ஏறத்தாழப் பதினைந்து நாளில் பாதியாகிவிடும். களிம்பேறிய இணைப்பின் வழியாகக் கசிவு 150 மில்லி ஆம்பியருக்கு ஏறினால் ஐந்து நாளே போதும். விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர் பூட்டிய முதல் இரவே கார் அலறுவதற்கு, சென்சாரைவிடப் பேட்டரிதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து எர்த். பல எலக்ட்ரீசியன்கள் சென்சாரின் எர்த் வயரை ஓய்வு நிலையில் அளந்து, நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். சென்சார் எடுப்பது சில மில்லி ஆம்பியர் மட்டுமே. அவ்வளவு சிறிய மின்னோட்டத்தில் கெட்ட இணைப்பும் நல்லதுபோலவே காட்டும். அதே எர்த் போல்ட்டைச் சைரனும் இண்டிகேட்டர்களும் பகிர்ந்துகொண்டால், அவை இயங்கும் நொடியில் அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்மின் (நெகட்டிவ்) முனையிலும், மறுமுனையைச் சென்சாரின் எர்த்திலும் வைத்து, சைரன் ஒலிக்கும்போது 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அந்தப் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் வேறெதையும் மாற்றாதீர்கள். தகவல் வயர் ஓய்வில் மின்னழுத்தத்தோடு நின்று, தட்டியவுடன் ஏறத்தாழச் சுழிக்கு இறங்குவது பெரும்பாலான அமைப்புகளில் காணும் நடத்தை. அந்த இறக்கம் மிகக் குறுகியது என்பதால், குறைந்த அளவைப் பிடித்துவைக்கும் வசதியுள்ள மீட்டர் தேவை. இழை பல்பு பொருத்திய சோதனை விளக்கை இந்த வயரில் வைக்கவே கூடாது. அது இழுக்கும் மின்னோட்டம் நல்ல சென்சாரையும் கெடுத்துவிடக்கூடும்.

சுவிட்சுகளுக்கு மீட்டர் இன்னும் பயனுள்ளது. பானட் சுவிட்சின் வயரைக் கழற்றி, தண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முனைக்கும் காரின் உடலுக்கும் இடையே மின்தடையை அளந்தால், தொடர்பே இல்லை என்று மீட்டர் காட்ட வேண்டும். எங்கள் காரில் உலர்ந்த நிலையில் அப்படித்தான் காட்டியது. விரலால் சிறிது நீர் தெளித்ததும் சில ஆயிரம் ஓமுக்கு இறங்கியது; படிந்திருந்த உப்பு நீரில் கரைந்து மின்சாரத்துக்கு வழிவிட்டிருக்கிறது. பின்னிரவில் உலோகம் குளிர்ந்து பனி படியும்போது இதுவேதான் நடந்திருக்கிறது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் சுவிட்சை உலர்ந்த நிலையில் மட்டும் சோதிப்பது பாதிச் சோதனையே. ஈரப்படுத்திச் சோதித்தால்தான் முழுமை.

ஸ்கேனரைப் பற்றி மிகையான நம்பிக்கை நிலவுகிறது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் புளூடூத் வகைக் கருவிகள், 16 முனைப் பழுதறி (OBD) சாக்கெட்டின் வழியாக எஞ்சின், புகை சார்ந்த பழுதுக் குறியீடுகளை வாசிப்பதற்கு ஏற்றவை. அலாரம் இருப்பதோ, காரின் கதவுப் பூட்டு, விளக்கு போன்றவற்றை இயக்கும் உடல் கட்டுப்பாட்டுப் பிரிவில் (பாடி கண்ட்ரோல் மாட்யூல்). அதனுள் நுழைய அந்தந்த நிறுவனத்தின் மென்பொருளோ, அதற்கு இணையான தொழில்முறைக் கருவியோ வேண்டும். அது கிடைத்தால், தொழிற்சாலை அலாரத்துக்கு இதைவிட விரைவான வழி இல்லை. ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்கள் பலவற்றில், கடைசியாக அலாரத்தைத் தூண்டியது எது என்பதே நினைவில் பதிந்திருக்கும். கதவா, பானட்டா, உட்புறச் சென்சாரா என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட காரை வைத்திருப்பவர் கப்ளரைக் கழற்றிவிட்டு ஒன்பது இரவு காத்திருப்பது வீண். ஆனால் வெளியில் வாங்கிப் பொருத்திய அலாரம் காரின் கணினி வலையமைப்பில் பெரும்பாலும் சேர்ந்திருப்பதில்லை. அதைப் பற்றி ஸ்கேனருக்கு எதுவும் தெரியாது. மேலும், ஸ்கேனர் எது தூண்டியது என்று சொல்லுமே தவிர ஏன் தூண்டியது என்று சொல்லாது. உட்புறச் சென்சார் என்று பதிவாகியிருந்தால், அது கெட்ட சென்சாராகவும் இருக்கலாம். இறக்கிவிட்ட கண்ணாடியாகவும் இருக்கலாம். கொல்லங்கோட்டிலிருந்தோ குலசேகரத்திலிருந்தோ நாகர்கோவில் சர்வீஸ் நிலையத்துக்கு வந்துபோவதற்குள் பாதி நாள் கழிந்துவிடும். எனவே நாட்குறிப்போடு போகிறவருக்குத்தான் அந்தப் பயணம் முழுப் பலன் தரும்.

ஆசிலோஸ்கோப் வைத்து 40 கிலோஹெர்ட்ஸ் அலையைத் திரையில் பார்ப்பது துல்லியமான முறை. ஆனால் ஒரு காருக்காக அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. கைப்பேசியில் அந்த ஒலியைப் பதிவு செய்து பார்க்கலாம் என்று சிலர் முயல்வதுண்டு. கைப்பேசிகளின் வழக்கமான பதிவு நொடிக்கு 44,100 அல்லது 48,000 மாதிரிகள் என்பதால், 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எதையும் அது பிடிக்காது.

நல்லதென்று தெரிந்த சென்சாரை மாற்றிப் போட்டுப் பார்ப்பது, அதே மாடல் கார் நண்பரிடம் இருந்தால் சிறந்த சோதனை. வயரிங் அப்படியே இருக்க, சென்சார் மட்டும் மாறுவதால் விடை ஐயத்துக்கு இடமின்றி வரும். பழைய சென்சாரை நண்பரின் காரில் பொருத்தி, பழுதும் கூடவே போகிறதா என்று பார்த்தால் இன்னும் உறுதி. புதிய சென்சார் வாங்கி மாற்றுவதும் இதே சோதனைதான், பணம் கொடுத்துச் செய்வது. சில தொழிற்சாலை அலாரங்களில் மாற்றிய சென்சாரைக் கணினியில் பதிவு செய்ய வேண்டியிருப்பதால், அங்கே நண்பரின் சென்சாரால் பயன் இருக்காது.

எல்லாரும் முதலில் செய்வதும், நான் கடைசியில் வைப்பதும், திருகுப்புரியைத் திருகி உணர்திறனைக் குறைப்பது. இரைச்சல் நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் அலறும் பழுதை அலறாத பழுதாக நம் கையாலேயே மாற்றியிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும்; குறைத்த பின் கைச் சோதனையில் ஐந்துக்கு ஐந்து ஒலிக்காவிட்டால், அந்தக் கருவி காரில் இருப்பதும் இல்லாததும் ஒன்றே. அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடுவது சிறிய காரியமன்று என்பதையும் நான் உணர்ந்தே சொல்கிறேன். ஐ.நா. வாகன விதிமுறைகள் ஒரு தூண்டலுக்குச் சைரன் 25 முதல் 30 நொடிகள் ஒலிக்க வேண்டும் என்று வரையறுக்கின்றன; கைக்குழந்தை விழித்து அழ அது தாராளமாகப் போதும். பழுது தெரியும்வரை உட்புறக் கண்காணிப்பையோ ஷாக் சென்சாரையோ நிறுத்திவைப்பது நியாயமே, நிறுத்தியிருக்கிறோம் என்பது நினைவில் இருக்கும்வரை.

இந்த மாவட்டத்துக்குள்ளேயே விடை மாறும். கடலோரத்தில் இருப்பவர் நேராக ஈரச் சோதனையோடு சுவிட்சுகளையும் எர்த் போல்ட்டுகளையும் பார்த்துவிட்டு, அதன்பின் சென்சாரின் கப்ளரைக் கழற்றட்டும். தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர் நாட்குறிப்பை முதன்மையாகக் கொண்டு, காற்று ஓய்ந்த இரவுகளிலும் அலறல் வருகிறதா என்று பார்த்த பின்னரே கருவியைச் சந்தேகிக்க வேண்டும். அங்கே ஓரளவு உணர்திறனைக் குறைப்பதும், காரை மதில் மறைவில் நிறுத்துவதும் சரியான சிகிச்சையே. பேச்சிப்பாறை, குலசேகரம் போன்ற மலையோர ரப்பர்த் தோட்டப் பகுதிகளில் எலி கடித்த வயரைத் தேடுவது முதல் வேலை. கோட்டாற்றின் குறுகிய தெருக்களில் மைக்ரோவேவ் சென்சார் பொருத்துவதே பிழையான தேர்வு. அங்கே பழுது பார்ப்பதைவிட வகையை மாற்றுவது நல்லது. ஊருக்கேற்ற இந்த முதல் வேலை முடிந்ததும், தொழிற்சாலை அலாரம் என்றால் நிறுவன ஸ்கேனரும், வெளியில் வாங்கியது என்றால் கப்ளரைக் கழற்றும் முறையும் முன்னே வரட்டும். மல்டிமீட்டரால் அளக்க வேண்டிய மற்றவை இவற்றுக்குப் பிறகு. சென்சார் வாங்குவது இவை எல்லாம் முடிந்த பிறகு.

எங்கள் காரின் பானட் சுவிட்சை மாற்றி, புதியதன் தண்டிலும் முனையிலும் வாஸ்லின் தடவினேன். தென்மேற்குப் பருவமழைக்கு முன்பு ஒரு முறையும், ஐப்பசிக்கு முன்பு ஒரு முறையும் அதைத் துடைத்துப் புதிதாகத் தடவுகிறேன். அதே நாளில் கைச் சோதனையையும் செய்துவிடுகிறேன். அன்று கழற்றிக் கொடுத்த பழைய ஷாக் சென்சார் மேசை இழுப்பறையில் கிடந்தது. அதற்கு ஒரு நாள் பேட்டரியிலிருந்து 12 வோல்ட் கொடுத்து, மேசையில் வைத்து விரலால் தட்டிப் பார்த்தேன். இருபது முறை தட்டினேன். இருபது முறையும் அந்தச் சிறு விளக்கு எரிந்தது.